சுழலாத பந்து

என் கை சும்மா இருக்காது. அலுவலக மேசையில் உருண்டையாக எது கிடந்தாலும் எடுத்து விரல் நுனியில் உருட்டிக்கொண்டே இருப்பேன். பேப்பர் வெயிட், எலுமிச்சம்பழம், பக்கத்து இருக்கைக்காரர் மகளுக்குக் குழந்தை பிறந்ததற்குக் கொடுத்த லட்டு. "மேடம், ஒண்ணு அத சாப்புடுங்க, இல்ல கீழ வைங்க. பாக்கவே பேஜாரா கீது" என்று அவர் ஒருநாள் கெஞ்சியே விட்டார். கோபம் வந்தால் இன்னும் வேகமாக உருட்டுவேன். எனக்கு அடிக்கடி கோபம் வரும்.

வேலூரில் இந்த அரசாங்க வேலை எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்தது. சாஃப்ட்பால் என்று சொன்னால் கேட்டவர்கள் எல்லோரும் ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஓ, கிரிக்கெட் மாதிரியா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்க ஆரம்பித்தால் பந்து எப்படிச் சுழலும் என்பதில் போய் நிற்கும். அதற்குப் பிறகு, சுழலாத ஒரு பந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

ஆரணியில் எங்களுடையது தறி வீடு. இரண்டு தறி. அப்பா ஒன்றில், சித்தப்பா ஒன்றில். சாப்பிட உட்காரும்போது கை கழுவினாயா என்று கேட்டார்களோ இல்லையோ, பட்டைத் தொடுவதற்கு முன் விரலை நீட்டச் சொல்வார்கள். அம்மா முந்தானை ஓரத்தில் ஒரு துண்டுப் பட்டு இழை முடிந்து வைத்திருப்பாள். அதை எடுத்து என் விரல் நுனிகள் மேல் மெதுவாக இழுத்துப் பார்ப்பாள். வழுக்கிக்கொண்டு போனால் உள்ளே போகலாம். எங்காவது சிக்கி இழுத்தால் போச்சு. கால் தேய்க்கிற கல்லை எடுத்து விரலைத் தேய்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி வந்து நிற்க வேண்டும். சொரசொரப்பான விரல் பட்டில் பட்டால் பிசிறு எடுக்கும், பிசிறு எடுத்த இழை தறியில் அறும். விவரம் தெரிந்த நாளாக இதைச் செய்துவருவதால் இது ஒரு கட்டாயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. எங்கள் தெருவில் எல்லாப் பெண்களின் விரலும் அப்படித்தான் இருக்கும்.

என் வேலை பெரும்பாலும் பாவு பிணைப்பது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஒரு பாவு நெய்து முடிகிற நேரத்தில், தறியில் மிச்சமிருக்கும் பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே ஒரு உருட்டு. பிறகு அடுத்த இழை, அதற்கடுத்த இழை. ஆயிரக்கணக்கில் இருக்கும். நான் ஒரு இடத்தில் உட்கார முடியாதவள். பிணைக்க உட்கார்ந்தால் கால் தாளம் போடும், அம்மா தொடையில் ஒன்று வைப்பாள். விரல் மட்டும் நன்றாக ஓடும் என்பதால் என்னை விடவும் மாட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் ப்ளஸ் ஒன் சேர்ந்த வருடம், எங்கள் பெண்கள் பள்ளிக்கு ஒரு கோணிப்பை வந்தது. அதில் ஒரு பேட், இரண்டு பந்து, சில க்ளவுஸ், ஒரு மாஸ்க். பி.டி. மிஸ் கோ-கோ ஆடி வந்தவர். சாஃப்ட்பாலுக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார், அவ்வளவுதான். "கைய ஒரு ரவுண்டு சுத்தி, தொடகிட்ட வந்ததும் வுட்டுடணும். கீழ இருந்துதான் வரணும். மேல இருந்து எறிஞ்சா தப்பு" என்று சொல்லிவிட்டு வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார். மீதியை நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நான் போட்ட முதல் பந்து காம்பவுண்டு சுவரைத் தாண்டியது. இரண்டாவது, தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. மூன்றாவது நேராகப் போனது. ஆனால் அத்தனை வேகத்தில் வருகிற பந்துக்கு எதிரில் நிற்க ஒருத்தியும் வரவில்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். படவேட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவள். அந்தப் பக்கம் பஸ் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. அதனால் தினமும் முதல் பீரியடுக்கு வெளியில் நிற்பாள். அவள் அம்மாவும் அக்காவும் கூலிக்கு நாற்று நடுகிறவர்கள், லீவு நாட்களில் அவளும் போவாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி, பிடுங்கிப் பிடுங்கி உள்ளங்கை காய்த்திருந்தது. என் பந்தை அவள் பிடித்தபோது மைதானம் முழுக்க சத்தம் கேட்டது, அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னும் வேகமா போடு" என்றாள்.

அன்றிலிருந்து நான் போடுவேன், அவள் பிடிப்பாள்.

பந்து போடுகிறவளுக்கு ஒரு சங்கடம் உண்டு, அது எனக்குப் புரியவே சில வாரம் ஆனது. பந்து கையை விட்டுப் போனதும் அது என்ன செய்கிறது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. பின்னாலிருந்து பார்க்கிறவளுக்கு அது தூரப் போய்ச் சிறுத்துவிடும். முன்னாலிருந்து, தன்னை நோக்கி வருவதாகப் பார்க்கிறவளுக்குத்தான் அது விழுந்ததா, நின்றதா, ஒதுங்கியதா என்று தெரியும். ஒவ்வொரு பந்துக்கும் அவள் எனக்குச் செய்தி சொல்வாள். "உழுந்துச்சு." "சும்மா வந்துச்சு." "கடசில வெளிய போச்சு."

விழுந்தது என்று அவள் சொன்ன பந்துகளில் எல்லாம் நான் ஒரே காரியத்தைத்தான் செய்திருந்தேன். பந்தை விடும் நொடியில் விரல் நுனிகள் அதன் பின்பக்கத் தையலைப் பிடித்து மேலே இழுத்திருக்கும். பாவு பிணைக்கிற உருட்டல்தான், என்ன, இங்கே கை முழுக்கச் செய்தது. அப்படி விட்டால் பந்து தரையில் உருளுகிற மாதிரியே காற்றில் முன்பக்கமாக உருண்டுகொண்டு போகும். அதன் மேற்பக்கம் எதிர்க்காற்றோடு மோதிக்கொண்டே போவதால் காற்று அதை மேலிருந்து அழுத்தும், பேட் கிட்டே வரும்போது பந்து சட்டென்று இறங்கும். அதற்கு ட்ராப் என்று பெயர். கையைக் கதவுப் பிடி திருப்புவது போலத் திருப்பி, விரலைப் பந்தின் அடியில் கொடுத்து அறுத்தால் பின்பக்கமாகச் சுழலும். அப்போது காற்று கீழிருந்து தாங்கும். அது ரைஸ். பக்கவாட்டில் சுழற்றினால் பக்கவாட்டில் போகும். இயற்பியல் மிஸ்ஸிடம் போய்க் கேட்டோம். புத்தகத்தில் ஒரு பத்தியைக் காட்டினார். அதில் பந்து இல்லை, குழாய்த் தண்ணீர்தான் இருந்தது. அந்தப் பத்தியை அத்தனை ஆவலாகப் படித்த மாணவிகள் அந்தப் பள்ளியில் எங்களுக்கு முன் இருந்திருக்க மாட்டார்கள்.

சுழல்வது அவளுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நான் ஒரு வேலை செய்தேன். சாயப்பட்டறையில் மிச்சமான அரக்குச் சாயத்தை ஒரு கிண்ணத்தில் வாங்கிவந்து, ஒரு பந்தைப் பாதி முக்கி எடுத்தேன். பாதி வெள்ளை, பாதி அரக்கு. சரியாகச் சுழன்றால் நடுவில் பட்டை பட்டையாகத் தெரியும், கோணலாகச் சுழன்றால் எல்லாம் கலந்து ஒரே கலங்கல். "இப்ப நல்லாத் தெரியுதுடி" என்று அவள் குதித்தாள். பி.டி. மிஸ் பந்தைப் பார்த்ததும் எங்கள் இரண்டு பேரையும் வெயிலில் முட்டி போட வைத்தார். "கவர்மென்ட் பந்துடி அது! ஆபீசர் வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" முட்டி போட்டுக்கொண்டே அவள் என் காதில், "மூணாவதா போட்ட பாரு, அது சூப்பரா சுத்துச்சு" என்றாள்.

பந்து விஷயத்தில் அவள் பொய் சொல்ல மாட்டாள். ரைஸ் கற்றுக்கொள்ள நான் படாத பாடு பட்டேன். மாதக்கணக்கில் போட்டும் ஒழுங்காக வரவில்லை. ஒரு சாயங்காலம் கையிலிருந்து அது வந்த விதமே வேறாக இருந்தது. "ஏறிச்சா? ஏறிச்சுதான?" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவள் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு யோசித்தாள். "ஏறல. எறங்க வேண்டியது எறங்காம வந்துச்சு. அடிக்கறவளுக்கு ஏறனா மாதிரிதான் இருக்கும்." எனக்கு வந்த கோபத்தில் க்ளவுஸைத் தரையில் அடித்தேன். ஏறியது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவளுக்கு அது வரவே வராது. வீட்டுக்குப் போய் அந்தக் குழாய்த் தண்ணீர்ப் பத்தியை வைத்து யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னதுதான் சரி.

அவள் இரண்டொரு முறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தறி இருக்கிற இடத்துக்கு வந்ததில்லை, வாசலிலேயே நிற்பாள். அம்மா உள்ளே கூப்பிட்டதும் இல்லை. "அந்தப் பொண்ணு கை சொரசொரன்னு கீதுடி, பட்டுல பட்டுடும்" என்பாள். காரணம் கை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ப்ளஸ் டூ வந்தபோது என் விரல்கள் மாறியிருந்தன. தையலைப் பிடித்து இழுத்து இழுத்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனியில் தோல் தடித்துவிட்டது. அந்தத் தடிப்பு வந்த பிறகுதான் என் ட்ராப் உண்மையில் விழ ஆரம்பித்தது. தையல் விரலில் கவ்வும், பந்து வேகமாக உருளும். ஆனால் அம்மாவின் பட்டு இழை அதே இடத்தில் சிக்கியது. "இது இன்னாடி வெரலா, எருமுட்டயா?" என்றாள். நான் பாவு பிணைப்பதைத் தட்டிக்கழிக்க ஆரம்பித்தேன். தலைவலி, வயிற்றுவலி, ஸ்பெஷல் கிளாஸ். வீட்டில் தினமும் சண்டை.

மாவட்ட அணிக்குத் தேர்வு திருவண்ணாமலையில் நடக்கும் என்று பி.டி. மிஸ் சொன்னார். "மாவட்ட டீம்ல வந்தா ஸ்டேட் மீட்டுக்குப் போலாம். அது ஆடனா சர்டிபிகேட். அந்த சர்டிபிகேட் இருந்தா காலேஜ்ல சீட்டு, ஹாஸ்டல். பின்னால வேலைக்குக் கூட ஆவும்." இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. ப்ளஸ் டூ முடித்ததும் என்னைத் தறியில் உட்கார வைப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. தினமும் தறிக்கு அடியில் இருக்கும் குழியில் காலை விட்டுக்கொண்டு உட்காருவதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. அவளுக்குப் போலீஸ் ஆக வேண்டும். விளையாட்டு ஒதுக்கீடு இருந்தால் சேர்ந்துவிடலாம் என்று யாரோ சொல்லி அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இல்லையென்றால் அக்கா போன வழியில் நடவுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு பேரும் ஒரே காலேஜ், ஒரே ஹாஸ்டல் ரூம் என்று பேசி வைத்திருந்தோம். ஜன்னல் பக்கத்துக் கட்டில் யாருக்கு என்பதில் சண்டை கூட நடந்தது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டில் பாவு தீர்ந்தது. ஒரு கல்யாணப் புடவை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது, ஜவுளிக்காரர் ஆள் மேல் ஆள் அனுப்பினார். அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். "பாவப் பிணைச்சிக் குடுத்துட்டு எங்கனா போ. பிணைக்காம போனா, திரும்பி இந்த வீட்டுக்குள்ள வராத."

அம்மா இழையை எடுத்தாள். சிக்கியது. "நீ வாணாம்டி. எதிர் வூட்டுக்காரிய கூப்புட்றேன்" என்றாள். எதிர்வீட்டுக்காரி தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு வரவே இரண்டு நாள் ஆகும், அதுவரை அப்பா என்னைத் திருவண்ணாமலைக்கு விட மாட்டார். எனக்கு அவசரம், எனக்கு எப்போதும் அவசரம். கொல்லைப்புறம் போய்க் கால் தேய்க்கிற கல்லை எடுத்தேன். அந்தத் தடிப்பைத் தேய்த்தேன். வெள்ளையாக உரிந்தது, பிறகும் தேய்த்தேன். தோல் இளஞ்சிவப்பாக, எரிகிற அளவுக்குத் தேய்த்துவிட்டு எண்ணெய் தடவிக்கொண்டு வந்து விரலை நீட்டினேன். இழை வழுக்கிக்கொண்டு போனது. "பாத்தியா, மனசு வச்சா முடியுது இல்ல" என்றாள் அம்மா.

இரண்டு நாள் உட்கார்ந்து பிணைத்தேன். ஒரு இழைகூட அறவில்லை. என்னைப் போல் சாமர்த்தியசாலி யாரும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். அப்பாவையும் சரிக்கட்டியாகிவிட்டது, திருவண்ணாமலைக்கும் போகலாம். கை என்பது தோளும் மணிக்கட்டும்தான் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. விரல் நுனித் தோலைப் பற்றி யோசிக்கவே இல்லை.

தேர்வு நாளன்று மைதானத்தில் புதுப் பந்து கொடுத்தார்கள். பளபளவென்று வெள்ளை, சிவப்புத் தையல். வந்திருந்த பெண்களைக் கலந்து இரண்டு அணியாகப் பிரித்தார்கள். பள்ளியில் சேர்ந்து ஆடுகிறவர்கள் என்பதால் நானும் அவளும் ஒரே பக்கம். தேர்வு செய்கிற சார் கழுத்தில் விசிலோடு, கையில் அட்டையோடு பின்னால் நின்றார்.

அவள் ஒரு விரலைக் காட்டினாள். ஒரு விரல் என்றால் ட்ராப். கையைச் சுற்றினேன், விட்டேன். விட்ட நொடியிலேயே தெரிந்துவிட்டது. தையல் விரலில் கவ்வவே இல்லை. பந்து எண்ணெய்க் கையிலிருந்து சோப்பு நழுவுகிற மாதிரி நழுவிப் போனது. வேகம் இருந்தது, சுழற்சி இல்லை. அவள் பந்து இறங்கும் என்று க்ளவுஸைக் கீழே வைத்திருந்தாள். பந்து அவள் தோளில் மோதியது.

அடுத்த பந்து பேட்டைத் தாண்டி, கடைசியில் உள்பக்கம் சாய்ந்து அவள் மாஸ்க்கில் பட்டுத் தெறித்தது. அடுத்தது வெளியே போவது போல் போய், சட்டென்று கீழே இறங்கியது. எதற்கும் ஒரு ஒழுங்கு இல்லை. பேட் பிடித்த பெண்ணும் காற்றை அடித்துக்கொண்டிருந்தாள். சார் அட்டையில் ஏதோ எழுதினார், முகத்தில் திருப்தி தெரிந்தது. அவர் பார்வைக்கு நான் யாராலும் தொட முடியாத பந்து போடுகிறவள்.

சாஃப்ட்பாலில் ஒரு விதி உண்டு. மூன்று ஸ்ட்ரைக், அதாவது மூன்று முறை அடிக்கத் தவறினால், பேட்டர் அவுட். ஆனால் அந்த மூன்றாவது பந்தைக் கேட்சர் பிடிக்காமல் விட்டால், பேட்டர் முதல் பேஸுக்கு, அதாவது சுற்றி ஓட வேண்டிய கட்டங்களில் முதலாவதற்கு, ஓடலாம். அந்தப் பெண் ஓடினாள். பந்து வேலி வரைக்கும் உருண்டு போயிருந்தது. அடுத்தவளும் மூன்று முறை காற்றை அடித்தாள். மறுபடியும் என் தோழியால் பிடிக்க முடியவில்லை, பேஸில் இருந்தவள் சுற்றி வந்து ரன் எடுத்தாள். பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு கதைதான் தெரியும். போடுகிறவள் அவுட் ஆக்குகிறாள், பிடிக்கிறவள் கெடுக்கிறாள்.

அவள் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். கழுத்தோரம் சிவந்திருந்தது.

"இன்னாடி போட்ற?"

"ட்ராப்தான். நீதான காட்டன?"

"வெரல காட்டு."

நான் கையை க்ளவுஸுக்குள் விட்டுக்கொண்டேன். "ஜல்தி போடி, சார் பாத்துகினு கீறாரு." அவள் மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல். தப்பு என்னுடையது என்று தெரிந்திருந்ததால் வந்த எரிச்சல் அது. அவள் என் க்ளவுஸைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு க்ளவுஸை நம்பாமல் உடம்பையே பந்துக்குக் குறுக்கே கொடுத்தாள். மார்பில், தொடையில், முழங்கையில். சிலது நின்றது, பலது போனது.

எங்கள் முறை முடிந்ததும் சார் இரண்டு பேரையும் கூப்பிட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, சிக்னல மாத்திப் போட்டியா? கேட்சர் காட்டனதுதான போட்ட?"

அது ஒரு சாதாரணக் கேள்வி. விரல் வழுக்குகிறது சார், பந்து சுழலவில்லை, எங்கே போகும் என்று எனக்கே தெரியவில்லை, யாராலும் பிடிக்க முடியாது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் அட்டையில் எழுதியதை அவர் அடித்துவிடுவார். எனக்குத் தறிக்குழி ஞாபகம் வந்தது.

"இல்ல சார். ட்ராப்தான் சார். எப்பவும் போட்றதுதான்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "எப்பவும் வர்ற பந்தயே உன்னால புடிக்க முடியலியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவள் மாஸ்க்கை முகத்துக்கு இறக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் பெயர்களைப் படித்தார்கள். என் பெயர் இருந்தது. கேட்சராக வேறு பள்ளிப் பெண் ஒருத்தியின் பெயர் இருந்தது. பி.டி. மிஸ் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவளிடம், "பரவால்ல, வுடு. உனக்கு நேரம் சரியில்ல" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால் மிஸ் பக்கத்தில். போளூரில் இறங்கி அவள் ஊருக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும். இறங்கியவள் சுற்றி வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது. க்ளவுஸை ஜன்னல் வழியாக நீட்டி, "இத ஸ்கூல்ல குட்துடு" என்றாள். அதற்குப் பிறகு அவள் க்ளவுஸைத் தொடவில்லை. மிஸ் கூப்பிட்டால் கை வலிக்கிறது என்பாள். பரீட்சை முடிந்ததும் பார்க்கவே முடியவில்லை.

ஸ்டேட் மீட்டுக்குள் என் விரல் மறுபடி தடித்துவிட்டது. ட்ராப் விழுந்தது, சர்டிபிகேட் வந்தது, சென்னையில் காலேஜ் சீட்டும் ஹாஸ்டலும் கிடைத்தன. ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்குத்தான் வந்தது. அதில் மூன்று வருடம் புரண்டு புரண்டு படுத்தேன். அங்கே ஒரு சீனியர் ஒருநாள் விளையாட்டாகச் சுழலாத பந்து ஒன்று போட்டுக் காட்டினாள். பந்து சுழலாதபோது தையல் ஒரே பக்கம் நின்றுவிடும், காற்று அதில் இடறும், பந்து கொஞ்சம் திரும்பினாலும் இடறுகிற பக்கம் மாறும், அதனால்தான் அப்படித் தள்ளாடுகிறது என்றாள். "போட்றவளுக்கே எங்க போவும்னு தெரியாது. கேட்சர் பாவம்" என்று சிரித்தாள். நான் அன்று சீக்கிரமே அறைக்குப் போய்விட்டேன். படவேட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன். அதையும் அனுப்பவில்லை.

வேலையில் சேர்ந்து சில வருடம் கழித்து, ஒருநாள் மதியம் களம்பூரில் என் பஸ் நின்றுவிட்டது. முன்னால் நெல் லாரிகள் அடைத்துக்கொண்டிருந்தன. என்னால் உட்கார முடியுமா? இறங்கி, ஒரு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மில் வாசல் பக்கம் இங்கும் அங்கும் நடந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னும் உருட்டிகினுதான் கீறியா?"

தலையில் துண்டு, முகத்தில் தவிட்டுத் தூசி. மில்லில் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்தாள். டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணம் ஆகிவிட்டதாம், ஒரு பெண் குழந்தையாம், களம்பூரிலேயே வீடாம். சிரித்துத்தான் பேசினாள். போலீஸுக்கு என்ன ஆனது என்று கேட்டேன். "ரெண்டு தபா போனேன். ஓட்டத்துல எல்லாம் மொத ஆளு. பரீட்சைல மார்க் பத்தல. கோட்டா கீட்டா இருந்தா..." என்று நிறுத்திவிட்டு டீயை ஆற்றினாள்.

இனி பொறுக்க முடியாது என்று தோன்றியது. வருடக்கணக்காக வாயில் வைத்திருந்ததை, லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவில், கொஞ்சம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அன்னிக்கி திருவண்ணாமலைல நான் போட்டது ட்ராப் இல்லடி. வெரல தேய்ச்சிட்டு வந்திருந்தேன். பந்து சுத்தவே இல்ல."

"தெரியும்" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"மொத பந்துலயே. பந்து என்கிட்டதான வந்துச்சு? தையலு செவப்பா அப்படியே அசையாம நின்னுகினு வந்துச்சு. ஒவ்வொரு தையலா எண்ணிருக்கலாம்."

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று, அந்த நேரத்திலும், அவள் மேல்தான் கோபம் வந்தது. "அப்ப சார்கிட்ட ஏன் சொல்லல? அங்கதான நின்ன? நீ சொல்லிருக்கலாம் இல்ல?"

அவள் டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். மில் வாசலில் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது, பெண்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டே எழுந்தாள்.

"அவரு உன்னத்தான கேட்டாரு" என்றாள்.

பிறகு டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு லாரிப் பக்கம் போனாள். என் பஸ் ஹாரன் அடித்தது. நான் ஓடிப்போய் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் வேலூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.